என் பெயரில் ஐந்து எண்கள்

சிம்போட்டே, ஏப்ரல் 9

யோவானா,

இந்தத் தடவை பொட்டலத்தில் மீன் இல்லை, கடிதம் மட்டும்தான். லிமா பேருந்தின் பார்சல் கவுண்டரில் இருப்பவர், "என்னக்கா, நாத்தனாருக்கு வெறும் கவரா?" என்று கேட்டார். ஆமாம், வெறும் கவர்தான் என்றேன்.

போன திங்கட்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். தொழிற்சாலையில் சூரை மீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு போலீஸ்காரர்கள் தெருச் செருப்போடு ஈரத் தரையில் நடந்து வந்தார்கள். மேற்பார்வையாளர் மீன் ஓடும் பெல்ட்டை நிறுத்தினார். எண்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொராய்தா லெக்கா யாரு?"

கத்தியைக் கீழே வைத்தேன். வேறென்ன செய்வது?

உன் அண்ணன் வண்டி ஓட்டும் வேன் சங்கத்துக்குப் பிப்ரவரியிலிருந்து மிரட்டல் வந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியும். வாராவாரம் கொடு, இல்லாவிட்டால் வண்டியைக் கொளுத்துவோம் என்று. சங்கம் கொடுக்கவில்லை. பதினைந்து நாளுக்கு முன் சிரிலோவின் வேன் மீது சுட்டார்கள். கண்ணாடிச் சில்லு தோளில் ஏறி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த மிரட்டல் வந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது தெரியுமா? என் பெயரில். அதோடு இன்னும் நான்கு எண்கள். ஐந்தும் என் அடையாள அட்டை எண்ணில், என் விரல் ரேகையில்.

சங்கத்தில் ஏபெலை வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு வருடம் கூட ஓட்டியவர்கள் கேட்கிறார்கள்: "உன் பொண்டாட்டி நம்பர்லேருந்துதானே எங்கள மிரட்டுறாங்க? ராத்திரி சோத்துக்கு என்னய்யா பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" உன் அண்ணன் வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவினான். மறுநாளும் கழுவினான். ஓடாத வண்டி.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் காகிதத்தைக் காட்டினார்கள். ஐந்து சிம்மும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டவை. போன வருடம் ஜூன் 29. மாலை நான்கு பத்திலிருந்து நான்கு இருபத்தைந்துக்குள்.

அன்று சான் பெத்ரோ திருவிழா. நீ வந்திருந்தாய். நான் சமையலறையில் இருந்தேன். "அண்ணி, சிம் ஒண்ணு ஃப்ரீயா தர்றேன், ஒரு மாசம் நெட்டும் ஃப்ரீ" என்று விரல் ரேகை எடுக்கும் கருவியை நீட்டினாய். என் விரலைப் பிடித்திருந்தது நீ.

என் செல்போன் அவர்களிடம் இருக்கிறது, ஏபெலுடையதும். அதனால்தான் காகிதம். அதோடு, பதிலை உன் கையெழுத்தில் பார்க்க விரும்புகிறேன்.

சொராய்தா


லிமா, ஏப்ரல் 14

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. சிரிலோவுக்கு அப்படி ஆனது எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் எடுத்த எடுப்பிலேயே என் பக்கம் விரல் நீட்டியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உங்கள் தோடு காணாமல் போன அன்றும் முதலில் என் பையைத்தானே பார்த்தீர்கள்? பிறகு அது மாவு டப்பாவுக்குள் இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை.

நான் நான்கு வருடமாகச் சிம் விற்கிறேன். கருவி சில சமயம் தப்பாகப் பதிவு செய்யும். அது கருவியின் கோளாறு. வெயிலில் சூடானால் இன்னும் மோசம். அதோடு, நீங்கள் கவனமாக இருக்கும் ஆளும் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் திருவிழாவுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் குளிர்சாதனப் பெட்டி பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தி, அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியது யார்? எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் அண்ணனின் பிறந்தநாள். நான் எத்தனை தடவை மாற்றச் சொன்னேன்! அந்தப் படத்தை வைத்து யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அதை அதிகாரிகளிடம் சொன்னீர்களா?

நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும். புது செல்போன் வாங்கினாலும் அதிலிருந்து எனக்கு எதுவும் அனுப்பாதீர்கள். அண்ணனிடமும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட. காகிதத்தில் மட்டும் எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

யோவானா


சிம்போட்டே, ஏப்ரல் 20

யோவானா,

ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுதுகிறவளுக்கு ஏன் என்று தெரிந்திருக்கிறது.

தோடு விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். அதை எடுத்து ஓரமாக வை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தையும் நானே அரசு வழக்கறிஞரிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர்கள் பார்த்துவிட்டார்கள். இந்தச் சிம்முக்கு அட்டையின் படம் போதாது, உயிருள்ள விரல் வேண்டும் என்றார்கள். விரல் என் கையில்தான் இருக்கிறது. நான்கு பத்துக்கு அது என் சமையலறையில் இருந்தது.

எண்களை ரத்து செய்ய சிம் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை.

"விரலை வையுங்கம்மா."

"வைக்கிறேன், பிடிக்காது. மீன் வேலை. உப்புல ரேகை தேஞ்சு போச்சு."

பிடிக்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள் அந்தப் பெண்.

"நீங்கதான் சொராய்தான்னு தெரியாம ரத்து பண்ண முடியாதும்மா."

"அஞ்சு லைன் குடுத்தப்போ யாருன்னு நினைச்சுக் குடுத்தீங்க?"

அவள் மேலாளரைக் கூப்பிட்டாள். "சரி, என் விரல் இங்க பிடிக்கலன்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றேன். கதவடைக்கும் நேரத்துக்குச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இப்போது வழக்கறிஞரின் கோப்பில் இருக்கிறது.

சங்கத் தலைவர் ஃபெர்மின் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. "கொஞ்ச நாள் மலைப்பக்கம் உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு சொராய்தா. சத்தம் அடங்கட்டும்" என்றார்.

"யாரு சத்தம் அடங்கணும்? நான் இன்னும் சத்தமே போடலியே. இனிமேதான் போடப்போறேன்."

நான் ஊரை விட்டுப் போனால் செய்தது நான்தான் என்று ஆகிவிடும். போகவில்லை. ஏபெலின் வேன் பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: 'நான் சொராய்தா லெக்கா மினாயா. இந்த ஐந்து எண்களும் என்னுடையவை அல்ல. இவற்றிலிருந்து உங்களுக்கு மிரட்டல் வந்திருந்தால் என்னோடு வாருங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.' கீழே ஐந்து எண்கள். உன் அண்ணன் அந்த வேனைப் பயணிகள் இல்லாமல் ஊர் முழுக்க ஓட்டினான். வரிசையில் சேர்க்காவிட்டால் என்ன, தெரு யாருக்கும் சொந்தமில்லையே.

மே 6-ஆம் தேதி எனக்கு மறுபடி விசாரணை. அன்று உன் பெயரைச் சொல்லப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உறவுக்கு நான் செய்வது இவ்வளவுதான்.

சொராய்தா


லிமா, ஏப்ரல் 27

அண்ணி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்தான்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே ரென்சோ கற்றுக்கொடுத்தான். ரென்சோ எங்கள் தெருவிற்பனைக் குழுவின் தலைவன். நாங்கள் பன்னிரண்டு பெண்கள், சந்தை முனைகளில் குடைக்குக் கீழே நிற்போம். ஒரு நாளைக்கு நாற்பது சிம் போக வேண்டும். போகாவிட்டால் மறுநாள் வர வேண்டாம். "விரல் பிடிச்சாலும் பிடிக்கலன்னு சொல்லு. துடைக்கச் சொல்லு, மறுபடி வைக்கச் சொல்லு. ஜனங்க தங்களோட விரலைத்தான் சந்தேகப்படுவாங்க, உன்னை இல்ல" என்றான். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் ஒரு சிம். ஒன்றை அவர்களிடம் கொடுப்போம், மிச்சத்தை ரென்சோ மாலையில் வாங்கிக்கொள்வான். எங்கே போகிறது என்று கேட்க மாட்டோம். கணக்குக் காட்டத்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அப்படி நம்பினால் தூக்கம் வந்தது.

அன்று உங்கள் விரல் முதல் இரண்டு தடவை நிஜமாகவே பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை பிடித்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் பழக்கத்தில், "பிடிக்கல அண்ணி, இன்னொரு தடவை" என்றது. நீங்கள் சிரித்தீர்கள். "மீன் செதிலு தின்ன விரலுடி இது" என்று ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினீர்கள். ஐந்து தடவை அப்படித் துடைத்து நீட்டினீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் எண்ணிக்கை கூடியதற்கு ரென்சோ எனக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தான். அன்று நான் கடற்கரைக்குப் போனேன்.

உங்கள் முதல் கடிதம் வந்ததும் அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டினேன். அவர் செல்போன் உங்களிடம் இல்லை என்று ஞாபகம் வந்து, அனுப்பாமல் அழித்துவிட்டேன். மறுநாள் ரென்சோ குடைக்குக் கீழே வந்து நின்று, நான் அழித்ததை வரி மாறாமல் சொன்னான். "'அண்ணா, எல்லாம் என்னாலதான்'னு எழுதியிருந்தியே. என்ன உன்னாலதான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

விற்பனையைப் பதிவு செய்ய என்று சொல்லி எங்கள் எல்லாருடைய செல்போனிலும் அவன் ஒரு செயலியைப் போடவைத்திருந்தான். கடையில் கிடைக்கும் செயலி இல்லை, அவன் அனுப்பிய இணைப்பில் இருந்து இறக்கியது. போடும்போது அது எதற்கெல்லாமோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். உங்களைக் கடவுச்சொல் மாற்றச் சொன்ன அதே நான். நான் தட்டுவது, பேசுவது, நிற்கும் இடம், எல்லாம் அவனுக்குப் போகிறது. அண்ணனின் வேன் எண் அவனுக்குத் தெரியும். உங்கள் தெருவின் பெயரைச் சொன்னான்.

அண்ணி, நான் கெஞ்சிக் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லுங்கள், தடுக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டு இரண்டு பேரும் எங்கேயாவது போய்விடுங்கள்.

யோவானா


சிம்போட்டே, மே 3

யோவானா,

படித்தேன். முதல் நாள் ஏபெலிடம் காட்டவில்லை. இரண்டாம் நாள் கொடுத்தேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து படித்தான். நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"என் தங்கச்சிதான்னு மொத நாளே தெரியும் சொராய்தா. வாய் வரல, அவ்வளவுதான்."

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதப்போவதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய்.

ரென்சோவுக்கு என் வீடு தெரியுமாம். தெரியட்டும். என் முழுப் பெயரை நானே வேன் கண்ணாடியில் எழுதி ஊர்வலம் விட்டிருக்கிறேன். அவன் கண்டுபிடித்துச் சொல்வதற்கு இனி என்ன மிச்சம்?

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையில் ஒன்று நடந்தது. ஒருவர் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்க்க அரசாங்கத்தின் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். முகவரியைக் கையால் தட்டிப் போக வேண்டும், யாரோ அனுப்பும் இணைப்பில் போகக் கூடாது. என்னோடு தோல் உரிக்கும் ஹெர்மெலிந்தாவின் செல்போனில் ஒவ்வொருத்தியாக அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்தோம். ஹெர்மெலிந்தாவுக்கே ஏழு. "ஏழு நம்பர் வெச்சிருக்கேன், கூப்பிடத்தான் ஒரு ஆம்பளை இல்ல!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு அடுத்தவள் பார்த்தாள், நான்கு. அதற்கடுத்தவள், ஆறு. சிரிப்பு நின்றுவிட்டது. எண்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு இப்படி. சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே குடை போட்டுச் சிம் விற்கிறார்களே, அவர்கள் செய்த வேலை. நம் எல்லாருக்கும் விரல் தேய்ந்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று சொன்னால் நம்ப நம்மைவிட நல்ல ஆள் யார்?

முப்பத்தொரு பேரும் வேலை உடையில், வெள்ளை பூட்ஸோடு, தொப்பியோடு, மீன் வாடையோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நடந்தோம். வாசலில் காவலாளி, "ஒருத்தர் மட்டும் உள்ளே போங்க" என்றான். ஹெர்மெலிந்தா, "நாங்க ஒருத்தருக்கு அஞ்சாறு பேருப்பா, நீ எப்படி எண்ணுவே?" என்றாள்.

வழக்கறிஞர் அம்மா எல்லாருடைய புகாரையும் எடுத்துக்கொண்டார். ஆனால் இது எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். "ஒருத்தி இருக்கா. ஆறாம் தேதி வரைக்கும் பேரைக் கேக்காதீங்க" என்றேன்.

வருவதாக இருந்தால் இதைக் கேட்டுக்கொள். அந்தச் செயலியை நீக்காதே, செல்போனைத் துடைக்காதே, தூக்கி எறியாதே. சாட்சியே அதுதான் என்கிறார்கள். புறப்படும்போது அணைத்து அப்படியே கொண்டு வா. உன் கடவுச்சொற்களை அதில் மாற்றாதே, அவன் பார்ப்பான். நம்பிக்கையான வேறொருவர் கணினியில் மாற்று. பயணச்சீட்டைக் கவுண்டரில் நேரில் வாங்கு.

உனக்குப் பயம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எனக்கும்தான். அதற்காக எங்கும் போவதாக இல்லை.

சொராய்தா


லிமா, மே 24

அண்ணி,

பேசாமலே திரும்பிவிட்டேன் என்று கோபமாக இருப்பீர்கள். அலுவலக நடைபாதையில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். கூப்பிட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். உடையாமல் பேச வேண்டியிருந்தது.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் வழக்கம்போலக் குடைக்குக் கீழே நின்றேன். அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது. ஆனால் யாரையும் இரண்டாவது தடவை விரல் வைக்கச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு பூக்காரம்மா வந்தார். விரல் உடனே பிடித்தது. வழக்கம்போல அவரே துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். "போதும்மா, முடிஞ்சுது. இனிமே யாராச்சும் ரெண்டாவது தடவை கேட்டா, திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. காட்டலன்னா எந்திரிச்சுப் போயிருங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

எண்ணிக்கை விழுந்ததும் ரென்சோ வந்தான். "என்ன, உன்கிட்ட வர்றவங்களுக்கெல்லாம் ஒரே ஒரு விரல்தானா?"

"ஆமா. ஒண்ணுதான்."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் குடையின் கம்பியை உதைத்துவிட்டுப் போனான். அன்று மாலையே பேருந்து ஏறிவிட்டேன்.

வழக்கறிஞர் அம்மாவிடம் ஆறு மணி நேரம் பேசினேன். செல்போனைத் திறந்து பார்த்த நிபுணர், செயலி யாருக்கு அனுப்புகிறது என்று அங்கேயே கண்டுபிடித்துவிட்டார். ரென்சோவின் செல்போனோடு நிற்கவில்லை, மிரட்டுகிற கும்பலுக்கும் போயிருக்கிறது. எங்கள் பன்னிரண்டு பேரின் வீட்டு முகவரியும் அவர்களிடம் இருந்தது. நாங்களும் அவர்களின் சரக்குதான்.

கடைசியில் ஒரு காகிதத்தை வைத்தார். பாதுகாக்கப்பட்ட சாட்சியாக இருக்கலாம், பெயருக்குப் பதில் ஓர் எண் போடலாம் என்றார். "யோசிச்சுச் சொல்லும்மா. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்றார். நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னார்.

வேண்டாம் என்றேன். செயலி வழியாக அந்தக் கும்பலுக்கு நான் யார் என்பது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருக்கப்போவது மற்றவர்களுக்குத்தான். அதற்கும் மேலே ஒன்று, அண்ணி. நான்கு வருடம் மற்றவர்கள் பெயரில் எத்தனை ஆயிரம் தடவை பொய் சொல்லியிருப்பேன்! ஒரு தடவை உண்மை சொல்கிறேன். அதையாவது என் பெயரில் சொல்ல வேண்டாமா? யோவானா கிசெலா அல்வா ராமோஸ் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். விரல் ரேகையும் கேட்டார்கள். ஒரே தடவைதான் வைத்தேன்.

ரென்சோவைச் சனிக்கிழமை பிடித்துவிட்டார்கள். என் மேலும் வழக்கு இருக்கிறது. வெளியே விட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை 11 அன்று சிம்போட்டேயில் விசாரணை. முனையில் மற்ற பெண்கள் என்னோடு பேசுவதில்லை. இரண்டு பேர் மட்டும் வந்து, "நாங்களும் சொல்லணும்டி, எங்க போகணும்?" என்று கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா உங்களிடம் வந்து புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்பாள் என்று தெரியும். அவள் பேச்சைக் கேட்காதீர்கள்.

யோவானா


சிம்போட்டே, ஜூன் 30

யோவானா,

உன் அம்மா வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, "ஒரு குடும்பத்துக்குள்ளே புகாரா? தப்பு செஞ்சா, ஒத்துக்கிட்டா, இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று அழுதாள். சூப் வைத்துக் கொடுத்தேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை.

நீ பெயரை மறைக்காமல் போட்டது முட்டாள்தனம். ஏபெலிடம் அப்படித்தான் சொன்னேன். "அவ அப்படியே உன்ன மாதிரி" என்றான். யாரைத் திட்டினான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐந்து எண்களையும் வழக்கறிஞர் உத்தரவில் ரத்து செய்துவிட்டார்கள். முப்பத்தொரு பேருடையதும் போய்விட்டது. சிரிலோ கையைத் தூக்குகிறான், இன்னும் முழுசாக இல்லை. மிரட்டல் நிற்கவில்லை. வேறு எண்ணிலிருந்து, வேறு யாரோ ஒருத்தர் பெயரில் வந்தது. ஆனால் இந்தத் தடவை ஃபெர்மின் யார் வீட்டுக்கும் போய் ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. அந்தப் பெயருக்குரிய ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார். தையல்காரர். பாவம், நடுங்கிப் போயிருந்தார். சங்கமே அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கவைத்தது. ஏபெலை வரிசையில் சேர்த்துவிட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. முதல் நாள் முதல் வண்டியாக விட்டார்கள்.

எங்கள் தொழிற்சாலை கேட்டில் மறுபடி குடை வந்தது. புது ஆட்கள், புது மேலங்கி. ஹெர்மெலிந்தாவும் நானும் இருபது பேரோடு குடையைச் சுற்றி நின்றோம். "திரையை இந்தப் பக்கம் திருப்பி வெச்சு வில்லுங்க, நாங்களும் பாக்குறோம்" என்றோம். ஒரு மணி நேரம் திரும்பிய திரையோடு விற்றார்கள், ஒருத்தருக்கு ஒன்று. அதற்கப்புறம் மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று சான் பெத்ரோ. படகுகள் போனதைப் பார்க்க நான் போகவில்லை. மனசு சரியில்லை. அதை மட்டும் சொல்கிறேன், உனக்காக அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பதினோராம் தேதிக்கு முந்தின நாளே வந்துவிடு. விடுதியில் தங்காதே, காசுக்குக் கேடு. நடு அறை காலியாகத்தான் இருக்கிறது. நாம் பேசிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

காலையில் மூன்று பேரும் ஏபெலின் வேனில் போவோம். உள்ளே பாதிக்கப்பட்டவர் யார் என்று நீதிபதி கேட்டால் நான் எழுந்து நிற்பேன். நீ செய்ததை ஒன்று விடாமல் சொல்வேன், உன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அப்புறம் குற்றம்சாட்டப்பட்டவளோடு வீட்டார் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். அதற்கும் நான்தான் எழுந்து நிற்பேன்.

இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

சொராய்தா